ஆஜர்ப் பதிவின் நகல் தொழிலாளி கையில் வேண்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் ஆலை வாசல்களிலிருந்து மஸ்டர் புத்தகம் மறைந்து வருகிறது. அது இருந்த இடத்தில் சுவரில் ஒரு சிறு பெட்டி தொங்குகிறது. தொழிலாளி முகத்தைக் காட்டுகிறார் அல்லது விரலை வைக்கிறார், பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே போகிறார். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது மறுபடியும் முகம், மறுபடியும் விளக்கு. அந்த ஆஜர் எங்கே எழுதப்பட்டது? எழுதியதை நாளை யார் மாற்ற முடியும்? சம்பள நாளன்று இரண்டு ஷிப்டு குறைந்திருக்கிறதே என்று ஆபீசில் போய்க் கேட்டால், "சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. முன்பு கணக்குப்பிள்ளையோடு வாதாடலாம். சிஸ்டத்தோடு யார் வாதாடுவது?

வாதாட முடியும் என்பதே நமது கருத்து. அதற்கு அந்தச் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாளிகள் இன்று தங்கள் கணக்கு வழக்குகளை இரண்டு இடங்களில் வைக்கிறார்கள். ஒன்று, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்த சாஃப்ட்வேர். அது ஆலைச் சுவருக்குள் இருக்கிறது. வெளித் தொடர்பு அறுந்தாலும் ஓடும். மற்றொன்று "கிளவுட்", அதாவது மேகம் என்று பெயர் சூட்டப்பட்ட ஏற்பாடு. பெயரைக் கேட்டு யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். மேகம் பூமியில்தான் இருக்கிறது. மும்பையிலும் சென்னையிலும் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும், பெரிய பெரிய கட்டிடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அடுக்கி வைக்கப்பட்டு, இரவும் பகலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு ஓடுகின்றன. உலகத்தில் இத்தொழிலின் பெரும் பகுதி அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என்ற மூன்று அமெரிக்கக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. மற்றவர்கள் வாடகை கொடுத்துத் தங்கள் கணக்கை அங்கே வைக்கிறார்கள். வேண்டும்போது இன்டர்நெட் வழியாக எடுத்துப் பார்க்கிறார்கள்.

நடப்பில் பெரும்பாலான ஆலைகளும் கம்பெனிகளும் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கின்றன. கீழ்பவானிப் பாசனத்தில் கிணறும் வைத்திருக்கும் பண்ணாடியைப் பாருங்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போது அதைப் பாய்ச்சுகிறார். வராதபோது கிணற்று மோட்டாரைப் போடுகிறார். 1930களில் பைக்காரா மின்சாரம் இறங்கியபின் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் முளைத்த ஆலைகளும் இதே பாடத்தைப் படித்தவைதான். ஊர் மின்சாரத்தில் ஓடும் ஆலையின் கொல்லையில் ஒரு ஜெனரேட்டர் நிற்கும். கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதே கெட்டிக்காரத்தனம்தான்.

இந்தக் கலப்பு ஏற்பாடு பெரிய ஆலைகளோடு நிற்கவில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் நூல் வாங்கி விற்கும் சாதாரண வியாபாரியின் கடைக்குப் போங்கள். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும். 1986-ல் தொடங்கிய பெங்களூர்க் கம்பெனியின் சரக்கு அது. பில் அந்தக் கம்ப்யூட்டரில்தான் தயாராகிறது. ஆனால் 1-7-2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த பில் கடைக்குள்ளேயே இருந்துவிட முடியாது. மத்திய சர்க்கார் ஏற்படுத்திய சர்வருக்குக் கணக்கு போயாக வேண்டும். 1-4-2018 முதல் மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு இ-வே பில் நம்பர் வந்தது. ஆண்டு வியாபாரம் 500 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு 1-10-2020-ல் தொடங்கிய மின்-பில் முறை, படிப்படியாக இறங்கி 1-8-2023 முதல் 5 கோடி ரூபாய்க்காரர் வரை வந்துவிட்டது. சர்வர் நம்பர் கொடுத்தால் பில் செல்லும். கொடுக்காவிட்டால் அது வெறும் காகிதம். நூல் மூட்டையை ஏற்றிவிட்டு, நம்பருக்காக லாரி வாசலில் நிற்பதையும், லோடு ஏற்றிய தோழர்கள் கூலிக்காகப் பக்கத்தில் நிற்பதையும் பார்க்கிறோம். நம்பர் வரும் வரை காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை.

சொந்தக் கிணற்றை மூடிவிட்டு வாய்க்காலை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சாட்சிகள் உண்டு. 2025 ஜூலை 18-ந் தேதி ஐரோப்பிய யூனியன், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனி மீது தடை விதித்தது. காரணம், அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் கம்பெனிக்கு 49.13 சதவீதப் பங்கு இருக்கிறது. இந்திய மண்ணில் நடக்கும் ஆலை அது. இந்தியச் சட்டம் எதையும் அது மீறியதாகக் குற்றச்சாட்டு இல்லை. வாடகையும் பாக்கி இல்லை. ஆனாலும் சில நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்திவிட்டது. கம்பெனிக்குத் தன் கடிதங்களும் தன் தகவல்களுமே கைக்கு எட்டாமல் போயின. நயாரா டில்லி ஹைகோர்ட்டின் கதவைத் தட்டியது. ஜூலை முடிவதற்குள் சேவை திரும்பி வந்தது. நயாரா முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. எங்கோ பிரஸ்ஸல்ஸில் போட்ட உத்தரவுக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்று கீழ்ப்படிந்து, குஜராத்தில் ஓடும் ஒரு ஆலையின் ஆபீஸைப் பூட்ட முடிகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். ஏகாதிபத்தியத்துக்கு இப்போது பீரங்கிக் கப்பலைத் துறைமுகத்துக்கு அனுப்பும் செலவுகூட மிச்சம்.

மற்றொரு சாட்சி 2024 ஜூலை 19. அன்று நடந்தது நமது விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் காவல் சாஃப்ட்வேர் உலகெங்கும் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஏற்றப்பட்டிருந்தது. அது சொந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தாலும், அதற்குத் தினமும் தீனி போடுவது கிளவுடிலிருந்துதான். அன்று வந்த தீனியில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நின்றுபோன கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக, நேரில் போய், கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது. கலந்து வைத்துக்கொண்டால் மட்டும் பத்திரம் வந்துவிடாது. தொடர்பு அறுந்தாலும் கெட்டாலும் உள்ளூரில் தானாக நிற்கும் பகுதி எது என்பதுதான் கேள்வி.

இவற்றையெல்லாம் முதலாளிகள் அறியாதவர்கள் அல்ல. அவர்களுடைய கணக்கைக் காப்பாற்றச் சட்டமும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகளின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்கள் எந்நேரமும் இந்தியாவில் பார்க்கக் கிடைக்க வேண்டும்; அவற்றின் நகல் தினமும் இந்திய மண்ணில் உள்ள சர்வரில் ஏற வேண்டும். 1-4-2023 முதல் இன்னொரு விதியும் நடப்பில் இருக்கிறது. கம்பெனி வைத்திருக்கும் கணக்கு சாஃப்ட்வேரில் யாராவது ஒரு பதிவை மாற்றினால், மாற்றிய விவரமும் தேதியும் தானே பதிவாக வேண்டும். அந்தப் பதிவை யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது. அதாவது ஒரு முதலாளி இன்னொரு முதலாளியை ஏமாற்றாமல் இருக்க, பங்குதாரரையும் பாங்கியையும் வரி இலாகாவையும் ஏமாற்றாமல் இருக்க, அழியாத மையில் எழுது என்கிறது சட்டம்.

நல்ல விதிதான். நாமும் வரவேற்கிறோம். ஆனால் அந்த விதி கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. வாசலில் தொங்கும் ஆஜர்ப் பெட்டியின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆயிரம் ரூபாய் நூல் பில்லை மாற்றினால் தடயம் இருக்க வேண்டுமாம். ஒரு தொழிலாளியின் நைட் ஷிப்டை அழித்தால்?

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆஜர், சம்பளப் பதிவேடுகளை மின்னணு முறையிலும் வைத்துக்கொள்ள முதலாளிக்கு அனுமதி கொடுக்கிறது. சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று தொழிலாளி வழக்குப் போட்டால், கொடுத்துவிட்டதை நிரூபிக்கும் சுமையை முதலாளியின் தலையில் வைக்கிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? அதே பெட்டியின் பதிவைக் கொண்டுதான். பதிவு அவருடையது, பெட்டி அவருடையது, திருத்தும் பாஸ்வேர்டு அவருடைய ஆபீசில். தராசையும் படிக்கல்லையும் விற்பவன் கையிலேயே கொடுத்துவிட்டு, எடை சரியா என்று வாங்குகிறவனைக் கேட்பது போன்ற நியாயம் இது.

ஆஜர் மட்டுமா? நூற்பாலைகளில் ரிங் ஃபிரேமின் ஒவ்வொரு கதிருக்கும் ஒரு சென்சார் பொருத்துகிறார்கள். ஒரு நீண்ட ஃபிரேமில் ஆயிரத்துக்கு மேல் கதிர்கள். எந்தக் கதிரில் எப்போது நூல் அறுந்தது, எத்தனை நிமிஷம் கழித்துப் பிணைக்கப்பட்டது, எந்த சைடில் அறுப்பு அதிகம் என்பதெல்லாம் நொடிக்கு நொடி ஆலைக் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து கிளவுடுக்கு ஏறி, முதலாளியின் செல்போனில் இறங்குகிறது. பஞ்சு மட்டமாக இருந்தாலும், ஈரப்பதம் குறைந்தாலும், ஸ்பீடைக் கூட்டினாலும் நூல் அறுக்கத்தான் செய்யும். இது சைடருக்குத் தெரியும், ஜாபருக்குத் தெரியும், ஆலை மானேஜருக்கும் தெரியும். செல்போனில் வரும் படத்திலோ சைடரின் பெயர்தான் தெரிகிறது. பஞ்சு வாங்கியவரின் பெயர் தெரிவதில்லை. கழிப்பறைக்குப் போன பெண் தொழிலாளி எத்தனை நிமிஷம் சைடில் இல்லை என்று யந்திரம் கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்த நிமிஷங்களில் தன் சைடோடு சேர்த்து அவளுடைய சைடையும் ஓடி ஓடிக் கவனித்தவளுக்கு அந்தக் கணக்கில் ஒரு காலமும் இல்லை.

பீஹார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஆலை ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்யும் வாலிபர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் முகம் பதிவாகிறது. பதிவு எந்த பாஷையில் இருந்தாலும் அவர்கள் கைக்கு ஒரு துண்டுக் காகிதமும் வருவதில்லை.

தனிமனிதத் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ல் ஒரு சட்டம் நிறைவேறியதே என்று சிலர் கேட்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியமான பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாதக் கெடு வேறு. அந்தச் சட்டத்திலும், வேலை நிமித்தமாகவும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பாற்றவும் ஊழியரின் தகவலைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் தேவையில்லை என்று ஒரு வாசல் திறந்தே வைத்திருக்கிறார்கள். நம் முகம், நம் விரல். சம்மதம் மட்டும் நம்முடையது இல்லை!

ஆலைக்கு வெளியே, வயல்காட்டில் நடந்ததையும் மறக்கக் கூடாது. நூறு நாள் வேலையில் 1-1-2023 முதல் செல்போன் ஆப் மூலம்தான் ஆஜர் என்று டில்லி உத்தரவிட்டது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. இதுவும் கலப்பு ஏற்பாடுதான். ஆப் செல்போனில், பதிவு எங்கோ உள்ள சர்வரில். மண் வெட்டி முடித்தவர்கள் இரண்டாவது போட்டோவுக்காக வெயிலில் காத்துக் கிடந்தார்கள். டவர் இல்லாத இடங்களில் பணித்தளப் பொறுப்பாளர் சிக்னல் தேடிக் கரை ஏறினார். போட்டோ ஏறாத நாளின் உழைப்பு உழைப்பே இல்லை என்றாயிற்று. இதை எதிர்த்து 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில் பல மாநில கிராமப்புறத் தொழிலாளர்கள் பல வாரங்கள் உட்கார்ந்தார்கள். மோசடியை ஒழிக்கத்தான் இந்த ஆப் என்றார்கள் அல்லவா? 2025 ஜூலையில் மத்திய கிராம வளர்ச்சி இலாகாவே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களும், போட்டோவைப் பார்த்து எடுத்த போட்டோக்களும் ஏற்றப்படுவதாக அதில் ஒப்புக்கொண்டது. ஆக மோசடிக்காரனுக்கு வழி இருந்தது. மண் சுமந்தவளுக்குத்தான் வழி அடைபட்டது. 2025 டிசம்பரில் அந்த வேலை உறுதிச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 125 நாள் என்று ஆசை காட்டி வேறொரு சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். அதில் விரல்ரேகைச் சரிபார்ப்பும் செல்போன் கண்காணிப்பும் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இதையெல்லாம் சொல்லும்போது, "கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டரை எதிர்ப்பவர்கள்" என்ற பழைய பாட்டை முதலாளிப் பத்திரிகைகள் எடுக்கும். 1960களில் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் இலாகோ மாளிகையில் கம்ப்யூட்டர் இறங்கவிடாமல் இரவு பகலாகக் காவல் இருந்தது உண்மை. அன்று அவர்கள் காத்தது வேலையை. பின்னர் 1983-ல் பாங்க் ஊழியர் சங்கங்கள், எந்த யந்திரம், எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று முதலில் ஒப்பந்தம் போட்டன; அதன் பிறகே யந்திரம் வந்தது. யந்திரத்தின்மீது நமக்குப் பகை இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் வரும் யந்திரத்தைத்தான் எதிர்க்கிறோம். 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலேறிய சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் இந்த மண்ணின் ஆலைத் தொழிலாளர்கள். ஆலை வாசலில் சங்கம் நின்று பேசும் உரிமை இந்த வட்டாரத்துக்கு இனாமாகக் கிடைத்ததல்ல. சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடாது.

"சுதேசி சாஃப்ட்வேர் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்று ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. 2025-ல் மத்திய மந்திரிகள் நம் மாநிலத்தில் தலைமையகம் கொண்ட ஜோஹோவின் மெயிலுக்கு மாறி விளம்பரம் செய்தார்கள். நயாராவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அயல்நாட்டுப் பிடியைத் தளர்த்துவது நல்லதே. ஆனால் பூட்டு சியாட்டிலில் செய்யாமல் திண்டுக்கல்லில் செய்தது என்பதனால் நைட் ஷிப்டுக்காரருக்கு என்ன வந்தது? சாவிக் கொத்து இன்னமும் ஆபீசில்தானே தொங்குகிறது?

முதலாளிகள் சொல்லும் சாக்கு ஒன்றைத்தான் இப்போது உடைக்க வேண்டும். "சர்வர் இல்லை, லைன் கிடைக்கவில்லை, அதனால் ஆஜர் ஏறவில்லை" என்கிறார்கள். தோழர்களே, கலப்பு ஏற்பாடு என்பதன் அர்த்தமே லைன் போனாலும் உள்ளூரில் பதிவு நிற்கும் என்பதுதான். வாசல் பெட்டியிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் உள்ள பதிவு, லைன் வந்ததும் மேலே ஏறும். தன் விற்பனைக் கணக்குக்கு அப்படித்தான் முதலாளி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். நம் ஆஜருக்கு மட்டும் அது நடக்கவில்லை என்றால், அது கம்ப்யூட்டரின் குற்றம் அல்ல.

ஆகவே நாம் கேட்பது இது. கம்பெனிக் கணக்குக்கு உள்ள இரண்டு பாதுகாப்புகளும், அதாவது தினசரி நகலும் அழிக்க முடியாத திருத்தப் பதிவும், ஆஜர்ப் பதிவுக்கும் பீஸ் ரேட் கணக்குக்கும் சட்டப்படி வர வேண்டும். மாநில சர்க்கார் ஊதியச் சட்டத்தின் கீழ் விதிகள் செய்யும் அதிகாரம் உள்ளது. டில்லியின்மேல் பழி போட்டு ஒதுங்க முடியாது. சம்பளச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் போதாது. தேதி வாரியாக ஷிப்டும் ஓவர்டைமும், திருத்தம் நடந்திருந்தால் அந்த விவரமும், தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் அச்சாகி வர வேண்டும். லைன் இல்லாத நாளுக்கு மேஸ்திரியும் சங்கப் பிரதிநிதியும் கையெழுத்திட்ட காகிதமே ஆதாரமாகச் செல்ல வேண்டும். கிராமப் பணித்தளங்களிலும் அதே கையெழுத்து மஸ்டர் செல்லட்டும். சங்கத்தோடு ஒப்பந்தம் இல்லாமல் கதிர் சென்சார் கணக்கைக் கொண்டு மெமோ கொடுப்பதையும் கூலி பிடிப்பதையும் ஏற்க மாட்டோம். புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பை நாம் எதிர்க்கிறோம். ஆனால் அதிலும்கூட வேலை நிலைமைகளை மாற்றுமுன் 21 நாள் நோட்டீஸ் என்ற பிரிவு தப்பி நிற்கிறது. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் யந்திர மாற்றம் அதில் அடங்கும். எத்தனை ஆலைகள் இந்தப் பெட்டிகளையும் சென்சார்களையும் மாட்டுமுன் நோட்டீஸ் கொடுத்தன?

சின்ன ஆலைக்காரர், விசைத்தறிக்காரர், கூட்டுறவுச் சங்கம் ஆகியோருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாதா மாதம் வாடகை கட்டும் நிலை உங்களுக்கும் லாபமில்லை. 1956 முதல் கோவையில் சிட்ரா இருக்கிறது. மாநில டேட்டா சென்டரை எல்காட் நடத்துகிறது. இரண்டையும் இணைத்து, சிறு ஆலைகளுக்கும் தறிக் கூடங்களுக்கும் பொதுவான ஒரு கணக்கு சாஃப்ட்வேரை, உள்ளூரில் ஓடி மேலே பொது சர்வரில் நகல் வைக்கும்படி, தமிழில் செய்து கொடுக்கும்படி சர்க்காரை நிர்ப்பந்திக்க நம்மோடு நீங்களும் நிற்கலாம்.

வாசல் கூட்டம் கூடும் ஆலைகளில் எல்லாம், கமிட்டித் தோழர்கள் முதல் வேலையாக நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். போன மாதத்து ஆஜர்ப் பதிவின் முழு அச்சு நகல், திருத்த விவரத்துடன், ஏழு நாளில் வேண்டும் என்று அதில் எழுதுங்கள். அதுவரை ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிறு நோட்டில் தம் ஷிப்டை தேதி போட்டு எழுதி, பக்கத்து சைடில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். நகல் வந்ததும் இரண்டையும் சங்க ஆபீசுக்கு எடுத்து வாருங்கள். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.